பதிவேடு எதை அளக்கிறது?

வெளிநாட்டுக்குப் போகும் நம் செவிலியர்களுக்கு அங்குள்ள பதிவு அமைப்புகள் போடும் வரம்புகளைக் குறை சொல்லிப் பாருங்கள், உடனே பதில் வரும்: "அந்த ஊர் நோயாளியோட உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். யார் கையில ஊசியைக் கொடுக்கலாம்னு அவங்கதானே முடிவு பண்ணணும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அங்குள்ள அதிகாரிகளும் மருத்துவமனை நிர்வாகிகளும் இதைச் சொல்வதில் வியப்பில்லை. ஆள் அனுப்பும் நம்மூர் ஏஜென்சிக்காரர்களும், நர்சிங் கல்லூரி ஆசிரியர்களும், ஏன், போய்ப் பத்து வருடம் ஆன நர்ஸ்களில் பலருமே இதைத்தான் சொல்கிறார்கள். முதலில் பொதுப் பதிவை வாங்கு, வார்டில் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டு, அப்புறம் மேலே போகலாம், எல்லாம் நோயாளியின் பாதுகாப்புக்குத்தான் என்று.

தேர்வே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. மொழித் தேர்வு வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு வேண்டும். புது நாட்டின் சட்டமும் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இன்று இருக்கிற வரம்புகள் நோயாளியின் பாதுகாப்பை அளக்கின்றன என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். படித்த பாடத்திட்டத்தின் வடிவத்தையும் படித்த நாட்டின் பெயரையுமே அவை அளக்கின்றன. தீவிர சிகிச்சை, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு, மனநலம் என்று ஒரு துறையில் ஊறிப்போன செவிலியர் எல்லை தாண்டும்போது இது அப்பட்டமாகத் தெரியும்.

இங்கிலாந்திலிருந்து தொடங்குவோம். அங்கே செவிலியர்களையும் மகப்பேற்றுச் செவிலியர்களையும் பதிவு செய்யும் மன்றத்தின் சுருக்கப் பெயர் என்எம்சி. (நம் தேசிய மருத்துவ ஆணையத்துக்கும் அதே சுருக்கம்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அதன் செவிலியர் பதிவில் நான்கு துறைகள் உண்டு: பெரியவர், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு. ஐசியூ, டயாலிசிஸ், புற்றுநோய், ஆபரேஷன் தியேட்டர் ஆகியவற்றுக்குத் தனித் துறை கிடையாது. வெளிநாட்டில் படித்தவர் எந்தத் துறைக்குத் தேர்வு எழுதுகிறாரோ அதில் பதிவு பெறுவார். நம்மூரிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் பெரியவர் பிரிவில்தான் சேருகிறார்கள். ஆக, வேலூரிலோ சென்னையிலோ பன்னிரண்டு வருடம் வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்தவரும், படிப்பு முடித்துச் சில மாதம் வார்டில் நின்றவரும் அந்தப் பதிவேட்டில் ஒரே வரிதான்.

அந்த வரிக்காக எழுத வேண்டிய தேர்வையும் கொஞ்சம் பார்க்கலாம். முதலில் கணினித் தேர்வு. பிறகு ஆஸ்கி என்று எல்லோரும் சொல்லும் செய்முறைத் தேர்வு. அதற்கு மட்டும் கட்டணம் 794 பவுண்ட். 2021 முதல் அதில் பத்து நிலையங்கள். நான்கில் ஒரு கற்பனை நோயாளியை மதிப்பிட்டு, பராமரிப்புத் திட்டம் எழுதி, மருந்து கொடுத்து, அடுத்த வார்டுக்கு விவரம் சொல்ல வேண்டும். மீதியில் சிலவற்றில் தசையில் ஊசி போடுவது, சர்க்கரை அளவு பார்ப்பது, கதீட்டரிலிருந்து சிறுநீர் மாதிரி எடுப்பது, நீர் வரவு செலவுப் பட்டியல் போடுவது போன்றவை மாறி மாறி வரும். நடிப்பவரோ பொம்மையோதான் நோயாளி. பக்கத்தில் மதிப்பெண் தாளோடு தேர்வாளர் நிற்பார். செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும்: இப்போது கை சுத்தம் செய்கிறேன், இப்போது கைப்பட்டையில் பெயரும் பிறந்த தேதியும் சரிபார்க்கிறேன், ஒவ்வாமை உண்டா என்று கேட்கிறேன். கை செய்ததை வாய் சொல்லாவிட்டால் மதிப்பெண் போச்சு. இதற்காகவே பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன. பராமரிப்புத் திட்ட வாசகங்களை நர்ஸ்கள் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்கிறார்கள்.

அடிப்படைப் பாதுகாப்புக்கு இப்படி ஒரு தேர்வு இருப்பதில் தவறில்லை. ஆனால் ஆர்டீரியல் லைன், ரத்த வாயு அறிக்கை, ஒரே நேரத்தில் ஐந்து இன்ஃப்யூஷன் பம்ப் இவற்றோடு வாழ்ந்தவரிடம் இந்தத் தேர்வு எதைக் கண்டுபிடிக்கிறது? கல்யாணச் சமையலில் தலை நரைத்தவரிடம் வெந்நீர் வைக்கத் தெரியுமா என்று பரீட்சை வைத்து, தேறிவிட்டார், ஆகவே இனி வெந்நீர் வைக்கலாம் என்று சான்றிதழ் கொடுப்பதைப் போன்றது இது. வெந்நீர் வைக்கத் தெரிய வேண்டியதுதான். ஆனால் பரீட்சையும் அங்கேயே முடிகிறது, பதிவேடும் அங்கேயே முடிகிறது என்பதுதான் என் புகார்.

பதிவு கிடைக்கும் வரையிலான காலம் இன்னும் விநோதம். விசா விதிப்படி வேலையில் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முதல் தடவை ஆஸ்கி எழுத வேண்டும், எட்டு மாதத்துக்குள் பதிவு பெற்றாக வேண்டும். அதுவரை உதவியாளர் நிலைதான். குளிப்பாட்டலாம், ஊட்டலாம், ரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் குறிக்கலாம். மாத்திரை கொடுக்கக்கூடாது. பதிவு கிடைத்த பிறகும் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் போடவோ நரம்பு வழி மருந்து கொடுக்கவோ அந்த மருத்துவமனை நடத்தும் பயிற்சி நாளுக்குப் போய், மேற்பார்வையில் செய்து காட்டி, தாளில் கையெழுத்து வாங்கியாக வேண்டும். ஆயிரக்கணக்கில் வென்ஃப்ளான் போட்ட கைக்கும் இதே விதிதான். இது பதிவு மன்றத்தின் சட்டமல்ல, மருத்துவமனையின் ஏற்பாடு என்பார்கள். உண்மைதான். ஆனால் இந்தக் கைக்கு என்ன தெரியும் என்று பதிவேட்டில் ஒரு வார்த்தைகூட இல்லாதபோது மருத்துவமனையும் வேறு என்ன செய்யும்?

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும். பாடத்திட்டம் வேறு, தரம் வேறு, அதனால்தானே இந்த எச்சரிக்கை? சரி, அந்தப் பாடத்திட்ட வாதத்தையே எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் பயணம் செய்து பார்ப்போம்.

இங்கிலாந்தில் ஒருவர் தொடக்கத்திலிருந்தே மனநலச் செவிலியராகப் படிக்கலாம். மூன்று வருடப் பட்டம், பிறகு மனநலத்தில் மட்டும் பதிவு. அவர் ஆஸ்திரேலியா போனால் பதிவு கிடைக்கும், ஆனால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு ஏறும்: மனநலச் செவிலியத்தில் மட்டுமே தகுதி பெற்றவர். குழந்தைகள் செவிலியருக்கும் அப்படியே. நியூசிலாந்திலும் அந்த ஒரு துறையில் மட்டும் வேலை செய்யலாம் என்று நிபந்தனை போடுவார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் கதவே திறக்காது. பெரியவர், அறுவை, குழந்தை, மகப்பேறு, மனநலம் எல்லாவற்றிலும் வகுப்பும் செய்முறையும் முடித்திருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவான எதிர்பார்ப்பு. அதாவது அவர் படித்தது குறுகியது, அதனால் பாதுகாப்பில்லை.

இப்போது நம் செவிலியரைப் பாருங்கள். பிஎஸ்சி நர்சிங் பட்டமோ ஜிஎன்எம் டிப்ளமோவோ, அவர் மேலே சொன்ன ஐந்தையும் படித்திருக்கிறார், சமூக நலத்தையும் சேர்த்து. மாநிலச் செவிலியர் மன்றத்தில் செவிலியராகவும் மகப்பேற்றுச் செவிலியராகவும் ஒருசேரப் பதிவு பெறுகிறார். இங்கிலாந்தில் இறங்கியதும் மகப்பேற்றுப் பதிவு காற்றில் போகிறது, ஏனென்றால் அங்கே அது தனிப் படிப்பு, தனிப் பதிவு. குழந்தைகளும் மனநலமும் கழன்றுகொள்கின்றன. பெரியவர் பிரிவு மட்டும் மிஞ்சுகிறது. இங்கே காரணம் நேர் எதிர்: அவர் படித்தது அகன்றது, எதிலும் ஆழமில்லை, அதனால் பாதுகாப்பில்லை.

குறுகியது என்றாலும் வேலி, அகன்றது என்றாலும் வேலி! இரண்டுக்கும் பாதுகாப்பு என்ற ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். ஒரே காரணத்திலிருந்து இரண்டு எதிரெதிரான முடிவுகள் வந்தால் அந்தக் காரணம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். உண்மையில் வேலை செய்வது ஒன்றே: எங்கள் நாட்டுப் படிப்பின் அச்சில் நீ வார்க்கப்படவில்லை என்பது.

இதையெல்லாம் வெள்ளைக்காரர்களின் பாரபட்சம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே 2005ஆம் ஆண்டின் தொழில் தகுதி ஆணை, பொதுச் செவிலியருக்குத்தான் தானியங்கி அங்கீகாரம் தருகிறது, அதுவும் 4,600 மணி நேரப் பயிற்சி இருந்தால். குழந்தைகளுக்கென்று தனிப் படிப்பு படித்த ஜெர்மன் செவிலியர் பக்கத்து நாட்டுக்குப் போனால் தனித்தனியாக மதிப்பிட்டுத்தான் எடுப்பார்கள். தோலின் நிறம் சில வேலிகளை உயரமாக்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் வேலியை நட்டது பாடத்திட்டக் கணக்குப் பார்க்கும் பழக்கம்.

பாதுகாப்பு வாதத்துக்கு ஆஸ்திரேலியாவே நல்ல சோதனைக் களம். சென்னையில் பன்னிரண்டு வருட ஐசியூ அனுபவம் உள்ள செவிலியர் நேராக அங்கே போக வேண்டுமானால், அமெரிக்கர்களின் என்கிளெக்ஸ் தேர்வும் பிறகு அடிலெய்டில் செய்முறைத் தேர்வும் எழுத வேண்டும். 2025 ஏப்ரலில் ஒரு புது வழி திறந்தார்கள். இங்கிலாந்து, அயர்லாந்து, சிங்கப்பூர் போன்ற சில நாடுகளில் பதிவு பெற்று 1,800 மணி நேரம் வேலை பார்த்திருந்தால் அந்தத் தேர்வுகள் தேவையில்லை. முழுநேர வேலையில் 1,800 மணி நேரம் என்பது ஏறத்தாழ ஒரு வருடம். ஆகவே அதே செவிலியர் இங்கிலாந்தின் லீட்ஸில் முதியோர் வார்டில் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போனால் தேர்வு எழுதாமலே பதிவு வாங்கலாம். சென்னை ஐசியூவின் பன்னிரண்டு வருடத்துக்குப் பூஜ்யம், லீட்ஸ் வார்டின் ஒரு வருடத்துக்கு முழு மதிப்பு. இதில் நோயாளியின் பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டினால் கேட்டுக்கொள்கிறேன்.

வளைகுடாவில் வேறு விதம். சவுதியின் சுகாதாரத் தொழில் ஆணையம் செவிலியர்களைப் படிப்பை வைத்துத் தரம் பிரிக்கிறது. டிப்ளமோ படித்தவர் டெக்னீஷியன், பட்டம் பெற்றவர் ஸ்பெஷலிஸ்ட். எந்தத் துறையில் ஸ்பெஷலிஸ்ட் என்று கேட்கக்கூடாது. பதினைந்து வருடம் இதய ஐசியூவில் நின்ற ஜிஎன்எம் நர்ஸ் டெக்னீஷியனாகவும், அவர் வேலை கற்றுக்கொடுத்த பிஎஸ்சி பெண் ஸ்பெஷலிஸ்டாகவும் ஒரே வார்டில் நிற்கலாம்.

பெருந்தொற்று வந்தபோது என்ன நடந்தது என்பதைப் பாதுகாப்பு வாதக்காரர்கள் பேசுவதே இல்லை. 2020இல் இங்கிலாந்து அவசரச் சட்டத்தின் கீழ் தற்காலிகப் பதிவேடு ஒன்றைத் திறந்தது. மற்ற படிகளையெல்லாம் முடித்து ஆஸ்கிக்காகக் காத்திருந்த வெளிநாட்டுச் செவிலியர்களை மேற்பார்வை நிபந்தனையோடு அதில் சேர்த்துக்கொண்டார்கள். நேற்றுவரை மாத்திரை கொடுக்கக்கூடாதவர்கள் மறுநாள் செவிலியர்கள்! ஐசியூவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்றிருந்த கணக்கு, மற்ற பிரிவினரை உதவிக்கு வைத்துக்கொண்டு ஆறு நோயாளிக்கு ஒரு ஐசியூ செவிலியர் வரை தளர்ந்தது. வென்டிலேட்டர் தெரிந்த கை எங்கே, எங்கே என்று நாடே தேடிய மாதங்கள் அவை. அப்படிப்பட்ட கைகள் பொது வார்டுகளில் எத்தனை இருக்கின்றன என்று பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடிக்க வழியில்லை, ஏனென்றால் அது ஒருபோதும் அதைக் குறித்து வைத்ததில்லை. மேற்பார்வையில் வைத்து வேலையைப் பார்த்து நம்பலாம் என்பது அவசர காலத்தில் சரியென்றால், சாதாரண காலத்தில் ஏன் சரியில்லை?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வேறொன்று, அதைத் தட்டிக்கழிக்கக்கூடாது. நம்மூர் வார்டில் முடிவு டாக்டருடையது. இங்கிலாந்தில் செவிலியர் தானாக முடிவெடுக்க வேண்டிய இடங்கள் அதிகம். டாக்டர் எழுதிய மருந்து தவறென்று தோன்றினால் கொடுக்க மறுக்க வேண்டும், மறுக்காவிட்டால் பொறுப்பு செவிலியர் தலையில். நோயாளிக்குச் சுயமாக முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்பதற்கு 2005இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. வீட்டில் அடி வாங்கும் முதியவரைக் கண்டால் யாருக்குத் தெரிவிப்பது என்பதற்கு நடைமுறை இருக்கிறது. நம் நர்ஸ்கள் இதில் தடுமாறுகிறார்கள் என்பது உண்மை. "சொல்லுங்க சார், செஞ்சிடறேன்" என்று பழகிய நாக்குக்கு "இதை நான் கொடுக்க மாட்டேன் டாக்டர்" என்று சொல்ல நாளாகும். ஆனால் இதைக் கற்றுக்கொள்வதற்கும் ஐசியூ திறனைப் பதிவேட்டில் குறிக்காமல் விடுவதற்கும் என்ன சம்பந்தம்? சட்டம் தெரியாதவருக்குச் சட்டம் சொல்லிக்கொடுங்கள். அதற்காக அவருக்குத் தெரிந்ததைத் தெரியாததாக எழுதி வைக்க வேண்டியதில்லை.

மோசடியைக் காட்டுவார்கள். 2023இல் நைஜீரியாவின் இபாதான் நகரில் ஒரு தேர்வு மையத்தில் கணினித் தேர்வு முடிவுகள் சந்தேகத்துக்குரியவை என்று கண்டு, அங்கே எழுதியவர்களை மறுபடி எழுதச் சொன்னது என்எம்சி. பார்த்தீர்களா, கதவை இறுக்கத்தானே வேண்டும் என்பார்கள். நான் அதிலிருந்து வேறு பாடம் எடுக்கிறேன். ஏமாற்ற முடிந்தது எல்லோருக்கும் பொதுவான கணினித் தேர்வை. நோயாளியின் படுக்கையருகே ஒரு மூத்த செவிலியர் சில வாரம் கூடவே நின்று பார்க்கும் மதிப்பீட்டில் இன்னொருவரை உட்காரவைத்து எழுதச் செய்ய முடியாது. துறைத் திறனை அளக்க இருக்கிற வழிகளில் மோசடிக்கு இடம் குறைந்த வழி அதுதான்.

சிறப்புத் துறைகள் எண்ணற்றவை, அத்தனையையும் பதிவேடு எப்படிச் சுமக்கும் என்று கேட்பார்கள். சுமக்காததன் விளைவை இங்கிலாந்து ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். ஆலிசன் லியரி குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் பதினெட்டாயிரம் சிறப்புப் பணியிடங்களைப் பார்த்தது. அவற்றில் 595 விதமான பதவிப் பெயர்கள் இருந்தன. மேம்பட்ட செவிலியர், சிறப்புச் செவிலியர் என்ற வகைப் பெயர்களில் இருந்தவர்களில் சிலர் செவிலியர் பதிவேட்டிலேயே இல்லை. சென்னை ஐசியூ நர்ஸின் வென்ஃப்ளானுக்குத் தாள் கேட்கிற அமைப்பு, தன் வீட்டில் மேல்நிலைப் பட்டங்களை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும்படி இவ்வளவு காலம் விட்டுவைத்திருக்கிறது. பாதுகாப்பில் இவ்வளவு அக்கறை இருந்தால் முதலில் பூட்ட வேண்டிய கதவு அதுவல்லவா?

சரி, வரம்பால் யாருக்கு லாபம்? 2024-25 கணக்கில் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஐந்தாம் நிலைச் செவிலியரின் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 29,970 பவுண்ட். அனுபவமுள்ள துறைச் செவிலியர் நிற்கும் ஆறாம் நிலை 37,338 பவுண்டில் தொடங்குகிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் எத்தனை வருட அனுபவம் கொண்டுவந்தாலும் பெரும்பாலும் ஐந்தாம் நிலையின் அடிப்படியில்தான் ஏறுகிறார். ஆனால் அவரை எந்த வார்டில் போடுகிறார்கள்? ஐசியூ அனுபவம் உள்ளவரைத் தேடிப்பிடித்துத்தான் ஐசியூவுக்கு எடுக்கிறார்கள். விளம்பரத்தில், நேர்காணலில், பணிப்பட்டியலில் அந்த அனுபவம் கண்ணுக்குத் தெரிகிறது. பதிவேட்டிலும் சம்பளத்திலும் மட்டும் மறைந்துவிடுகிறது. ஏழாயிரம் பவுண்டுக்கு மேல் வித்தியாசமுள்ள திறனை மருத்துவமனை அடிமட்ட விலைக்கு வாங்குகிறது. விசாவும் அதே நிர்வாகத்தின் கையில். நடுவில் விட்டுப்போனால் கூட்டிவந்த செலவைத் திருப்பிக் கட்டு என்ற ஒப்பந்தப் பிரிவு வேறு பல இடங்களில் உண்டு. இவ்வளவுக்கும் மேலே பாதுகாப்பு என்ற போர்வை.

"எல்லாம் தெரிஞ்சுதானே போறாங்க, யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்பது நம்மூர்க்காரர்களின் கடைசி அம்பு. தெரிந்துதான் போகிறார்கள். தனியார் மருத்துவமனைகளில் நைட் டியூட்டியும் டபுள் டியூட்டியுமாக அவர்கள் வாங்கும் சம்பளத்தைப் பார்த்தால் போவது ஏன் என்று புரியும். ஆனால் குறைந்த கூலிக்கு ஒருவர் ஒப்புக்கொண்டார் என்பதால் அந்தக் கூலி நியாயமாகிவிடாது என்று விவசாயக் கூலிக்கும் கட்டட வேலைக்கும் நாம் பேசுவோம். நர்ஸ் என்றதும், பவுண்டில் வாங்குகிறார் என்றதும், அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது.

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு வரம்பின் பாதி இங்கேதான் தயாராகிறது. தீவிர சிகிச்சை, பச்சிளங்குழந்தை, புற்றுநோய், மனநலம் என்று இந்திய செவிலியர் மன்றம் அங்கீகரித்த ஓராண்டு டிப்ளமோக்கள் இருக்கின்றன. தீவிர சிகிச்சையில் செவிலிய நிபுணருக்கான இரண்டாண்டு முதுகலைப் படிப்பும் வந்திருக்கிறது. படித்து முடித்தவர் எங்கே போய் நிற்கிறார்? கூடுதல் தகுதி என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்தப் பெயரில் தனிப் பதவியோ தனிச் சம்பளமோ உள்ள மருத்துவமனைகளை விரல்விட்டு எண்ணலாம். தனியார் மருத்துவமனைகளின் அனுபவச் சான்றிதழைப் பாருங்கள். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர். எத்தனை படுக்கை உள்ள ஐசியூ, எந்த வகை நோயாளிகள், வென்டிலேட்டர் பொறுப்பு எத்தனை வருடம், எத்தனை புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார் என்று ஒன்றும் இருக்காது. நாமே எழுதாத திறனை அடுத்த நாட்டுப் பதிவேடு எழுதவில்லை என்று சண்டை போடப் போகிறோம்.

அந்தச் சண்டை போட வேண்டியதுதான், இரண்டு முனையிலும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நர்ஸ்களுக்கு மொழிப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறது, நல்ல காரியம். வெளிநாட்டு மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் போடும்போது துறை அனுபவத்துக்கு என்ன நிலை, என்ன சம்பளப் படி என்று ஒரு பிரிவு வேண்டும் எனக் கேட்க அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மாநில மன்றம் வெளிநாட்டுக்கு அனுப்பும் சரிபார்ப்பில் துறைவாரியாக வகுப்பு நேரம், செய்முறை நேரம், கூடுதல் தகுதி எல்லாவற்றையும் ஒரே தாளில் கொடுக்கலாம். அந்த முனையில், என்எம்சியும் ஆஸ்திரேலியச் செவிலியர் வாரியமும் பொதுத் தேர்வை வைத்துக்கொள்ளட்டும். அதன்மேல் பணியிடத்தில் சில வாரம் பார்த்துத் துறைத் திறனைக் குறிக்கும் ஒரு வரி சேரட்டும். மனநலத்தில் மட்டும் பதிவு பெற்ற பிரிட்டிஷ் செவிலியருக்கும் அதே வழி திறக்கட்டும்: விடுபட்ட பகுதியை மட்டும் படித்து முடித்தால் அந்தக் குறிப்பு நீங்கட்டும், முழுப் பட்டத்தையும் முதலிலிருந்து படிக்கச் சொல்ல வேண்டாம். மருந்து எழுதும் தகுதியைத் தனியாகக் குறிக்க என்எம்சி பதிவேட்டில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. ஆகவே இடமில்லை என்ற சாக்கு செல்லாது. அதே பதிவேட்டில் ஏறத்தாழ நாலில் ஒருவர் வெளிநாட்டில் படித்தவர், அவர்களில் இந்தியாவில் படித்தவர்களின் எண்ணிக்கைதான் பெரியது. அவர்கள் கட்டும் ஆண்டுக் கட்டணத்தில் அந்த ஒரு வரிக்கான செலவு எப்போதோ வந்து சேர்ந்திருக்கும்.